பயறு சூப் சரியாக வரவில்லையா? அறிகுறி வாரியாகத் தீர்வுகள்

பயறு சூப்பில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் சூப் வைக்கும்போது வருவதில்லை. பயறை ஊறவைத்த தண்ணீரிலும், அதை அடுப்பில் ஏற்றிய முதல் அரை மணி நேரத்திலுமே தொடங்கிவிடுகின்றன. அதனால் கீழே எந்த அறிகுறிக்கு வந்தாலும் ஒரு விதியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: பயறு முழுதாக வெந்து முடிகிறவரை அதில் உப்பையும், கீழே சொல்லும் இடங்களில் மட்டும் துளி சமையல் சோடா, எண்ணெயையும் தவிர வேறெதுவும் சேரக் கூடாது. தக்காளி, எலுமிச்சை, காய்கறி, கீரை எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த வரிசை தவறினால், அடுப்பில் எவ்வளவு நேரம் வைத்தாலும் மீட்பது கடினம்.

இங்கே சொல்வதெல்லாம் ராஜ்மா, வெள்ளை பீன்ஸ், கறுப்பு பீன்ஸ், கொண்டைக்கடலை, மொச்சை போன்ற காய்ந்த முழுப் பயறுகளுக்கு. உடைத்த பருப்புக்கு ஊறும் நேரமும் வேகும் நேரமும் வேறு.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு

எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்க, சரியான அளவு ஒன்று கையில் இருக்க வேண்டும். 5 பேருக்கு: காய்ந்த பயறு 250 கிராம், வெங்காயம் 200 கிராம், கேரட் 150 கிராம், தக்காளி 250 கிராம், பூண்டு 5 பல், எண்ணெய் 3 மேசைக்கரண்டி, நறுக்கிய கீரை இரண்டு கைப்பிடி, எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி, மிளகுத்தூள், உப்பு.

பயறில் கல், தூசி, சொத்தை பொறுக்கிக் கழுவுங்கள். 1 லிட்டர் தண்ணீரில் 15 கிராம் உப்பை (இரண்டரை தேக்கரண்டி) கரைத்து, அதில் 8 முதல் 12 மணி நேரம் ஊறவையுங்கள். 250 கிராம் பயறு ஊறிய பிறகு ஏறத்தாழ 500 கிராம் இருக்கும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, பயறை அலசி, ஒன்றேகால் லிட்டர் புதுத் தண்ணீரில் ஏற்றுங்கள். முதல் 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கட்டும். ராஜ்மாவானால் இதை 30 நிமிடமாக்குங்கள். காரணம் கீழே இருக்கிறது. பிறகு ஓரத்தில் மட்டும் குமிழி எழும்பும்படி தீயைக் குறைத்து, மூடியைச் சற்றே விலக்கி வையுங்கள். அரை மணி நேரம் போனதும் அரைத் தேக்கரண்டி உப்பு போடலாம்.

இன்னொரு பாத்திரத்தில் எண்ணெயில் வெங்காயத்தை 10–12 நிமிடம், ஓரங்கள் பொன்னிறம் காட்டும்வரை வதக்குங்கள். பூண்டுக்கு 1 நிமிடம். பிறகு தக்காளி, அது கரைந்து எண்ணெய் பிரியும்வரை. பயறு வெந்த பிறகே இந்த வதக்கலையும், 1 செ.மீ. துண்டுகளாக நறுக்கிய கேரட்டையும் சேர்த்து 15–20 நிமிடம் கொதிக்கவிடுங்கள். கீரை கடைசி 3–5 நிமிடத்தில். எலுமிச்சை அடுப்பை அணைத்த பிறகு. மொத்தம் 2 லிட்டரை ஒட்டி வரும்.

“வெந்துவிட்டது” என்று எப்போது சொல்லலாம்? பானையின் வெவ்வேறு இடங்களிலிருந்து ஐந்து பயறை எடுங்கள். ஒவ்வொன்றையும் நாக்கால் மேலண்ணத்தில் அழுத்தினால் நறநறப்பில்லாமல் மசிய வேண்டும். நான்கு மசிந்து ஒன்று நறுக்கென்றால் வேகவில்லை என்றே அர்த்தம். இன்னும் 15 நிமிடம் விடுங்கள். ஒரே ஒரு பயறைக் கடித்துப் பார்த்துவிட்டுத் தக்காளியைக் கொட்டுவதால்தான் பல சூப்புகள் கெடுகின்றன.

இரண்டு மணி நேரம் கொதித்தும் பயறு வேகவில்லை

அதிகம் கேட்கப்படும் கோளாறு இதுதான். காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும். அவற்றை இந்த வரிசையில் விலக்கிப் பாருங்கள்.

முதலில் புளிப்பு. தக்காளியோ, புளியோ, எலுமிச்சையோ, வினிகரோ முன்பே சேர்ந்துவிட்டதா? பயறின் செல்களைப் பிணைத்து வைத்திருப்பது பெக்டின். கொதிநீரில் அது மெல்லக் கரைந்தால்தான் பயறு மசியும். புளிப்பான நீரில் பெக்டின் எளிதில் கரையாது. வெல்லம், சர்க்கரை அதிகமாகச் சேர்த்தாலும் இதே தாமதம் வரும். புளிப்பு ஏற்கெனவே விழுந்துவிட்டால், அதே குழம்பில் கூடுதல் நேரம் வேகவைத்துக் காத்திருப்பதைவிடப் பயறை மட்டும் அரிகரண்டியால் எடுத்து, அலசி, வேறு பாத்திரத்தில் புதுக் கொதிநீரில் வேகவைத்து, மசிந்த பிறகு மறுபடி சேர்ப்பதுதான் விரைவான வழி. தக்காளிச் சாற்றிலேயே சோடாவைப் போட்டுப் புளிப்பை முறிக்க வேண்டாம். நுரைத்துப் பொங்கும், சூப்பின் ருசியும் போய்விடும்.

இரண்டாவது தண்ணீர். கெண்டியின் உள்ளே வெள்ளைப் படிவு ஏறுகிறதா, சோப்பு நுரைக்க மறுக்கிறதா? அப்படியானால் அது கடின நீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பெக்டினை இன்னும் இறுக்குகின்றன. வடிகட்டிய மென்னீரில் வேகவைத்துப் பாருங்கள். அது கிடைக்காவிட்டால் 250 கிராம் பயறு வேகும் நீரில் ⅛ தேக்கரண்டி சமையல் சோடா போடலாம். ¼ தேக்கரண்டியைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் போனால் சோப்பு வாசம் வரும், தோல் கரையும், தயமின் என்ற பி1 வைட்டமினும் வீணாகும்.

மூன்றாவது பயறின் வயது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த பயறு, பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உள்ளே மாறிவிடும். அதிலுள்ள பைட்டேட் என்ற பாஸ்பரஸ் சேர்மம் சிதைந்து கால்சியத்தை விடுவிக்க, அது பெக்டினோடு சேர்ந்து இறுகிக்கொள்ளும். அப்படிப்பட்ட பயறு நீரை உறிஞ்சும், பருக்கும், ஆனால் மசியாது. சாதாரணப் பாத்திரத்தில் இதோடு போராடுவதில் பயனில்லை. சிட்டிகை சோடாவுடன் பிரஷர் குக்கர்தான் வழி. அதிலும் மசியாவிட்டால் அந்தப் பொட்டலத்தை முழுதும் வேகவைத்து அரைத்த சூப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். இனி வாங்கும் பயறைக் காற்றுப் புகாத டப்பாவில், அடுப்பிலிருந்து விலகிய குளிர்ந்த இடத்தில் வைத்து, ஓராண்டுக்குள் தீர்த்துவிடுங்கள். பழைய பயறையும் புதுப் பயறையும் ஒரே டப்பாவில் கலக்காதீர்கள். கலந்தால் ஒரு பாதி குழைந்திருக்கும்போது மறு பாதி கடிபடாது.

நான்காவது உயரம். கடல் மட்டத்திலிருந்து 1500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடுப்பைக் கூட்டினால் நீர் வற்றுமே தவிர வெப்பம் ஏறாது. மலைப் பகுதியில் இருப்பவர்களுக்குக் குக்கர் வசதிக்காக அல்ல, தேவைக்காகவே.

உப்பு போட்டதால்தான் வேகவில்லை என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. ஊறும் நீரிலுள்ள சோடியம், தோலிலிருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் விலக்கிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கிறது, தோல் மிருதுவாகிறது. உப்பில்லாமல் வேகவைத்த பயறின் உள்பகுதி, சூப்பில் எவ்வளவு உப்பு போட்டாலும் சப்பென்றே இருக்கும்.

பெரும்பாலும் வெந்துவிட்டது, சில மட்டும் கல்லாகக் கிடக்கின்றன

இது வேகவைத்ததில் வந்த குறை அல்ல. சில பயறுகளின் தோல் நீரே புகாதபடி இறுகியிருக்கும். ஊறவைத்த பயறைப் பரப்பிப் பாருங்கள்: மற்றவை இரண்டு மடங்காகப் பருத்திருக்க, இவை சிறியதாகவும் வழவழப்பாகவும் அப்படியே இருக்கும். அவற்றைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். தோல் சுருங்கி உள்ளே இன்னும் நிரம்பாமல் இருப்பவை வேறு வகை. அவற்றுக்கு இன்னும் 2–3 மணி நேர ஊறல் போதும்.

அவசரத்துக்கு ஊறவைக்க: பயறை நிறையத் தண்ணீரில் 2 நிமிடம் கொதிக்கவிட்டு, அணைத்து, மூடி 1 மணி நேரம் வையுங்கள். அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் தொடருங்கள். இரவு முழுவதும் ஊறியதைப் போலச் சீராக வேகாது. ஆனாலும் ஊறவே ஊறாத பயறைவிட எவ்வளவோ மேல்.

ராஜ்மா சூப் குடித்த சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு

இதைச் செரிமானக் கோளாறு என்று ஒதுக்கிவிடாதீர்கள். ராஜ்மாவில், குறிப்பாகச் சிவப்பு ராஜ்மாவில், பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற லெக்டின் (நச்சுத்தன்மையுள்ள ஒரு புரதம்) அதிகம். வேகாத ராஜ்மா நான்கைந்தே ஒருவரைப் படுக்கவைக்கப் போதும். சாப்பிட்ட 1 முதல் 3 மணி நேரத்தில் குமட்டலும் கடும் வாந்தியும், அதைத் தொடர்ந்து வயிற்றுப்போக்கும் வரும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானே அடங்கிவிடும். நீரிழப்பு ஏற்படாமல் கொஞ்சம் கொஞ்சமாக நீர் கொடுங்கள். குழந்தைகள், முதியவர்கள், வாந்தி நிற்காதவர்கள் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே: பயறு கொதிநிலையை எட்டவில்லை. மெதுவாகச் சமைக்கும் மின்பானைகள் பல நேரங்களில் 75–80 டிகிரியிலேயே நின்றுவிடும். அந்தச் சூட்டில் லெக்டின் அழியாது. 80 டிகிரி அளவில் அரைகுறையாக வெந்த பயறு, வேகவே வைக்காத பயறைவிடக் கூடுதல் நஞ்சாகவே மாறக்கூடும். எட்டு மணி நேரம் மிதமான சூட்டில் இருந்ததே என்ற கணக்கு இங்கே செல்லாது.

சரியான முறை இதுதான். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். லெக்டின் அழிய 100 டிகிரியில் 10 நிமிடம் போதும் என்றாலும், பானை முழுதும் அந்தச் சூட்டை எட்டியதை உறுதிசெய்ய 30 நிமிடம் கொதிக்கவிடும்படி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்கிறது. ராஜ்மாவுக்கு அந்த 30 நிமிடத்தையே பின்பற்றுங்கள். அதன் பிறகு மின்பானைக்கு மாற்றினால் தவறில்லை. வெள்ளை பீன்ஸிலும் இதே லெக்டின் குறைந்த அளவில் உண்டு. டின்னில் வரும் பயறு முழுதாக வெந்தது. அதற்கு இந்தக் கவலை வேண்டாம்.

தோல் உரிந்து மிதக்கிறது, பயறு கரைந்து கூழாகிறது

தீ அதிகம். தொடக்கக் கொதிக்குப் பிறகும் பானை பொங்கிக்கொண்டிருந்தால் பயறுகள் ஒன்றோடொன்று மோதித் தோல் கிழியும். குமிழி மெல்ல எழும் அளவே போதும். கரண்டியால் அடிக்கடி கிளறுவதும் அதே சேதத்தைச் செய்யும். பானையைப் பிடித்து இலேசாக ஒரு சுழற்று சுழற்றினால் போதுமானது.

குக்கரில் வைத்தவர்கள் ஆவியை எப்படி வெளியேற்றினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வெயிட்டைத் தூக்கி ஒரேயடியாக ஆவியை விட்டால், பயறுக்குள்ளிருக்கும் நீர் சட்டென்று கொதித்துத் தோலைப் பிளந்துவிடும். ஆவி தானாக அடங்கட்டும். 15–20 நிமிடம் ஆகும். அந்த நேரத்திலும் பயறு வெந்துகொண்டுதான் இருக்கும் என்பதால் அதையும் கணக்கில் சேருங்கள். ஊறிய பயறுக்கு முழு அழுத்தம் வந்த பிறகு: கறுப்பு பீன்ஸ், சிறிய வெள்ளை பீன்ஸ் 8–10 நிமிடம், ராஜ்மா 10–12, கொண்டைக்கடலை 15. விசிலை எண்ணுவது குக்கருக்குக் குக்கர் மாறும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து நிமிடம் பார்ப்பது நம்பகமானது.

சோடா கூடிப்போனாலும், உப்பில்லாத நீரில் ஊறவைத்தாலும் தோல் உரிவது அதிகமாகும். ஏற்கெனவே கரைந்துபோனதை முழுப்பயறு சூப்பாகத் திருப்ப முடியாது. மத்தால் கடைந்து அரைத்த சூப்பாக்கிவிடுங்கள். எந்தக் குறையும் தெரியாது.

குக்கர் வாய் வழியாக நுரை பீறிடுகிறது

பயறின் புரதமும் சபோனின் என்ற நுரைக்கும் பொருளும் சேர்ந்து வரும் நுரை இது, தீங்கில்லை. ஆனால் ஆவித்துளையைத் தோல் அடைத்துக்கொண்டால் ஆபத்து. குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். தண்ணீரும் சேர்த்துத்தான் பாதி. மூடும் முன் திறந்தபடி கொதிக்கவிட்டு நுரையை அள்ளிவிட்டு, 1 தேக்கரண்டி எண்ணெய் விடுங்கள். பயறு வைக்கும் ஒவ்வொரு முறையும் வெயிட் பொருந்தும் குழாயை வெளிச்சத்தில் பார்த்துச் சுத்தமாக இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

சூப் நீர்த்துப்போய், பயறு தனி, தண்ணீர் தனியாக நிற்கிறது

சோளமாவைக் கரைத்து ஊற்றத் தோன்றும். வேண்டாம். அது வழவழப்பைத் தருமே தவிர ருசியைத் தராது. பயறுக்குள்ளேயே வேண்டிய மாவுச்சத்து இருக்கிறது. வெந்த பயறில் கால் பங்கை எடுத்துக் கொஞ்சம் சாற்றோடு மசித்து, மறுபடி சேர்த்து 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். சூப் திரண்டு வரும். அதற்கும் மேல் வேண்டுமானால் மூன்றில் ஒரு பங்குவரை போகலாம்.

மிக்ஸியில் அரைப்பதானால் ஜாரைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். சூடான சாற்றிலிருந்து கிளம்பும் ஆவி மூடியைத் தள்ளிவிடும். சற்று ஆறவிட்டு, மூடியின் நடுத் துளையைத் திறந்து, மேலே ஒரு துணியை வைத்துக்கொண்டு அரையுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு: பயறை வேகவைத்த நீரை வடித்துக் கொட்டிவிட்டு வெறுந்தண்ணீரில் சூப் வைப்பது. கொட்ட வேண்டியது ஊறிய நீர். வெந்த நீர் சூப்பின் உயிர். பயறிலிருந்து இறங்கிய மாவுச்சத்தும் ருசியும் கரைந்துள்ள சத்தும் அதில்தான் இருக்கின்றன.

ஆறியதும் களியாகிவிட்டது

இது கோளாறே இல்லை. ஆறும்போது மாவுச்சத்து மறுபடி இறுகும், பயறும் சாற்றை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு கிண்ணத்துக்கு 50–100 மி.லி. கொதிநீர் விட்டுச் சூடாக்கி, உப்பையும் புளிப்பையும் மறுபடி ருசி பாருங்கள். பாஸ்தா, அரிசி, பார்லி சேர்க்கும் வழக்கமிருந்தால் தனியாக வேகவைத்துப் பரிமாறும்போது கிண்ணத்தில் போடுங்கள். பானையிலேயே விட்டால் மறுநாள் சாறு என்று எதுவும் மிஞ்சாது.

எல்லாம் சேர்த்தும் சப்பென்று இருக்கிறது

ருசி பார்க்கும் வரிசை முக்கியம். முதலில் உப்பு: 2 லிட்டர் சூப்புக்கு மொத்தம் 2 முதல் 2½ தேக்கரண்டி தேவைப்படும். வேகும்போது போட்டதும் இதில் சேரும். பயறு உப்புநீரில் ஊறியிருந்தால் குறைந்த அளவிலிருந்து தொடங்குங்கள். ¼ தேக்கரண்டி போட்டுக் கலக்கி, 2 நிமிடம் கழித்து ருசியுங்கள். உப்பு சரியாக இருந்தும் ருசி எழவில்லை என்றால் குறைவது புளிப்பு. ஒரு கரண்டி சூப்பைத் தனியே எடுத்து இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டுப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும். தெரிந்தால் பானைக்கும் விடுங்கள். பெரும்பாலான மந்தமான சூப்புகள் இந்த இடத்திலேயே தேறிவிடும்.

இரண்டும் சரியாக இருந்தும் ஆழமில்லை என்றால் வதக்கலில் அவசரப்பட்டிருக்கிறீர்கள். வெங்காயம் கண்ணாடிபோல் ஆன உடனே நிறுத்திவிட்டால் இனிப்பும் வறுபட்ட மணமும் பிறக்காது. மீட்க: சிறு வாணலியில் 1 மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, 1 மேசைக்கரண்டி தக்காளி விழுதைச் செங்கல் நிறத்துக்கு மாறும்வரை வதக்கி, அரைத் தேக்கரண்டி சீரகத்தூளோ மிளகாய்த்தூளோ சேர்த்து 20 விநாடி புரட்டி, ஒரு கரண்டி சூப்பால் அலசிப் பானையில் ஊற்றுங்கள். மசாலாவின் மணம் எண்ணெயில்தான் இறங்கும்; கொதிக்கும் சூப்பின் மேல் தூவினால் மாவு வாசமே மிஞ்சும். நறுக்கிய காளான் 150 கிராமை நன்றாக வறுத்துச் சேர்ப்பதும் நல்ல வழி.

உப்புக் கரிக்கிறது

உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை இழுத்துக்கொள்ளும் என்பது உண்மையல்ல. அது சாற்றையும் உப்பையும் ஒரே விகிதத்தில்தான் உறிஞ்சும். எடுத்து எறிந்தால் சூப் அளவு குறையுமே தவிர, மிச்சத்தின் உப்பு அப்படியே இருக்கும். தண்ணீரோ, உப்பில்லாமல் வேகவைத்த பயறோ, காய்கறியோ சேர்த்து மொத்த அளவைக் கூட்டுவதுதான் தீர்வு. உருளைக்கிழங்கை அதற்குரிய தண்ணீரோடு சேர்த்து, சூப்பிலேயே விட்டுவிட்டால் அதுவும் உதவும். அடுத்த முறைக்கு: ஊறியது உப்புநீர் என்றால் அலசாமல் போடாதீர்கள். டின் பயறைக் குழாய் நீரில் நன்றாக அலசினாலே அதன் உப்பு கணிசமாகக் குறையும்.

டின் பயறு பயன்படுத்துபவர்களுக்குக் கணக்கு: 400 கிராம் டின்னை வடித்தால் சுமார் 240 கிராம் பயறு. மேலே சொன்ன அளவுக்கு இரண்டரை டின் வேண்டும். ஏற்கெனவே வெந்தது என்பதால் சூப்பில் 15–20 நிமிடம் போதும். அதற்கு மேல் குழைந்துவிடும்.

கசக்கிறது, அல்லது சோப்பு வாசம் அடிக்கிறது

சோப்பு வாசம் சோடாவால் வருவது. எலுமிச்சைச் சாற்றை அரைத் தேக்கரண்டி வீதம் சேர்த்தால் ஓரளவு முறியும். கசப்பு பெரும்பாலும் கருகிய பூண்டிலிருந்தோ மசாலாவிலிருந்தோ வருவது. அதை மறைக்க முடியாது. வதக்கும்போதே பூண்டு கருகியதைப் பார்த்துவிட்டால் அந்த எண்ணெயோடு கொட்டிவிட்டுப் புதிதாக வதக்குங்கள். ஒரு வெங்காயம் போனாலும் ஒரு பானை சூப் தப்பும்.

அடிப்பிடித்துவிட்டது

கரண்டியை உள்ளே விடாதீர்கள். அடியைச் சுரண்டிய அடுத்த கணம் தீய்ந்த வாசம் முழுதும் பரவும். அடுப்பை அணைத்து, மேலிருப்பதை மட்டும் சாய்க்காமல் வேறு பாத்திரத்துக்கு அள்ளி எடுங்கள். கடைசி இரண்டு செ.மீ. போகட்டும். புதுப் பாத்திரத்தில் ருசி பாருங்கள். தீய்ந்த ருசி இல்லையென்றால் கொதிநீர் சேர்த்துத் தொடரலாம். இருந்தால் எந்த மசாலாவும் அதை மூடாது.

மசித்த பயறு சேர்த்த பிறகுதான் அடிப்பிடிப்பது அதிகம். கனமான அடியுள்ள பாத்திரம், சிறு தீ, 3–4 நிமிடத்துக்கு ஒருமுறை அடியைத் தொட்டு ஒரு கிளறல் என்று அந்தக் கட்டத்தில் மட்டும் கூடவே இருங்கள்.

நிறம் மங்கிச் சாம்பலாகிவிட்டது

கறுப்பு பீன்ஸ், சிவப்பு ராஜ்மா இவற்றின் தோல் நிறமி நீரில் கரையக்கூடியது. சோடாவின் காரத்தன்மை கூடினால் நீலம் கலந்து அழுக்கு நிறமாகும். புளிப்புப் பட்டால் செம்மை திரும்பும். சோடாவைக் குறைத்து, கடைசியில் எலுமிச்சை விட்டால் நிறம் தெளியும். கீரை பழுப்பாவது நீண்ட கொதியாலும் புளிப்பாலும். அதனால்தான் கீரை கடைசிக்கு முன், எலுமிச்சை கடைசியில்.

வயிறு உப்புகிறது

பயறிலுள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளைச் செரிக்கும் நொதி மனிதச் சிறுகுடலில் இல்லை. அவை பெருங்குடலுக்குப் போய், அங்கே பாக்டீரியாவால் நொதித்து வாயுவாகின்றன. 12 மணி நேரம் ஊறவைத்து, இடையில் ஒருமுறை நீரை மாற்றி, ஊறிய நீரைக் கொட்டினால் இந்தச் சர்க்கரைகளில் ஒரு பகுதி போய்விடும். நீரில் கரையும் வைட்டமின்களும் கொஞ்சம் போகும்; ஆனாலும் வயிறு ஏற்காத சத்தால் பயனில்லை என்பதால் இந்தப் பரிமாற்றம் ஏற்கத்தக்கது. அரைகுறையாக வெந்த பயறு கூடுதலாக உப்பவைக்கும், எனவே ஐந்து பயறு சோதனையை இங்கேயும் செய்யுங்கள். பயறு பழக்கமில்லாதவர்கள் அரைக் கிண்ணத்தில் தொடங்கி, சில வாரங்களில் அளவைக் கூட்டினால் உடல் பெரும்பாலும் பழகிக்கொள்ளும்.

குடித்த பிறகும் சீக்கிரம் பசிக்கிறது

அப்படியானால் கிண்ணத்தில் பயறு குறைவு, நீர் அதிகம். மேலே சொன்ன அளவில் ஒருவருக்குக் காய்ந்த பயறு 50 கிராம் வருகிறது. அதிலிருந்து சுமார் 11 கிராம் புரதம் கிடைக்கும். சூப் மட்டுமே உணவு என்றால் ஒருவருக்கு 70–80 கிராம் வரை கூட்டுங்கள். புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. பயறுப் புரதத்தில் அவற்றுள் லைசின் நிறைய, மெத்தியோனின் குறைவு. தானியத்தில் இது தலைகீழ். ஒரு துண்டு ரொட்டியோ ஒரு கைப்பிடி அரிசியோ அன்றைய நாளில் எப்போதாவது சேர்ந்தால் குறை நிரம்பிவிடும்.

பயறிலுள்ள இரும்பு, இறைச்சியிலுள்ளதைப்போல எளிதில் உடலில் சேராது. வைட்டமின் சி கூட இருந்தால் நன்றாகச் சேரும். கொதியில் வைட்டமின் சி அழிவதால் எலுமிச்சையை அடுப்பிறக்கிய பிறகு பிழிய வேண்டும். ருசிக்குச் சொன்ன விதி சத்துக்கும் பொருந்திவிடுகிறது. சூப்போடு தேநீரோ காபியோ குடிப்பதைத் தவிர்த்து ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள்.

ஊறும்போதே நுரைத்துப் புளித்த வாசம் வருகிறது

வெப்பமான சமையலறையில் 12 மணி நேரத்தைத் தாண்டினால் பயறு நொதிக்கத் தொடங்கும். சிறு குமிழிகள் மட்டும், கெட்ட வாசமில்லை என்றால் அலசிவிட்டு உடனே வேகவைக்கலாம். வழுவழுப்பும் புளித்த நாற்றமும் இருந்தால் கொட்டிவிடுங்கள். வெயில் காலத்தில் ஃபிரிட்ஜில் ஊறவைத்தால் 24 மணி நேரம் வரை கவலையில்லை.

மறுநாள் சூப் கெட்டுப்போய்விட்டது

பெரிய பானையில் இருக்கும் கெட்டியான சூப் ஆற மிகவும் நேரமெடுக்கும். அந்த இளஞ்சூட்டில்தான், கொதியிலும் சாகாத வித்துகளிலிருந்து பாக்டீரியா பெருகுகிறது. மூடி வைத்து இரவு முழுவதும் மேடையில் விட்டதை மறுநாள் கொதிக்கவைத்தாலும் பாதுகாப்பில்லை. சில பாக்டீரியாக்கள் விட்டுச் செல்லும் நச்சு கொதியில் அழியாது. அதைக் கொட்டத்தான் வேண்டும்.

சமைத்த 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும். அதற்கு, சூப்பை 5 செ.மீ. உயரத்துக்கு மிகாமல் அகலமான பாத்திரங்களில் பிரித்து ஊற்றுங்கள். அவசரமென்றால் பாத்திரத்தைக் குளிர்ந்த நீர் நிரம்பிய தொட்டியில் வைத்துக் கிளறிவிடலாம். 4 டிகிரிக்குக் கீழே 3–4 நாள் இருக்கும். ஃபிரீசரில் வைப்பதானால் டப்பாவின் மேல் 2–3 செ.மீ. இடம் விடுங்கள், சூப் உறையும்போது விரியும். 3 மாதம் வரை ருசி மாறாது. கீரையையும் எலுமிச்சையையும் உறையவைக்கும் பங்கில் சேர்க்காமல், சூடாக்கும்போது புதிதாகச் சேருங்கள். சூடாக்குவதும் வேண்டிய அளவை மட்டும் எடுத்து, நடுப்பகுதி வரை நன்றாகக் கொதி வரும்படி, ஒரே ஒருமுறைதான்.